அத்தை சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அத்தைக்குச் சிரிப்பு வந்தால் வீட்டில் இருக்கிற எல்லோரும் கூடச் சிரித்துவிட வேண்டும். யார் போட்ட சட்டம் என்று தெரியாது. அத்தை அப்பாவின் தங்கை. ஏரலில் புருஷன் வீட்டிலிருந்து பிரசவத்துக்கு வந்தவள், பிள்ளை பிறந்து, பிள்ளை தவழ்ந்து, பிள்ளை நடந்து, அதற்குப் பிறகும் கூட்டிப்போக ஆள் வராமல் எங்களோடு தூத்துக்குடியிலேயே தங்கிவிட்டாள். எனக்குப் புத்தி தெரிந்தபோதே அத்தையும் இருந்தாள், சட்டமும் இருந்தது. தெருவின் கடைசியில் கடல் இருந்ததுபோல.

அந்தச் சிரிப்பு சொல்லிக்கொண்டு வராது. தோசைக்கு மாவு ஊற்றிக்கொண்டிருப்பாள், கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும். ஒரு பக்க உதடு, யாரோ நூல் கட்டி இழுத்ததுபோல் மேலே போகும். பிறகு சிரிப்பு வரும். தூரத்துத் தோணியில் மணியைத் தட்டுவதுபோல், விட்டு விட்டு, ஒரே சுருதியில். தோசை கருகும். அம்மா உடனே சிரிக்க ஆரம்பிப்பாள். முன்னறையில் பேப்பர் வாசிக்கும் அப்பா பேப்பரை இறக்காமலே சிரிப்பார். நான் எங்கிருந்தாலும் ஓடிவந்து சிரிப்பேன். எங்களில் நான்தான் நன்றாகச் சிரிப்பேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. அத்தைக்கு நின்றதும் எல்லோரும் நிறுத்திக்கொள்வோம், மழை விட்டதும் குடையை மடக்குவதுபோல.

எங்கள் ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. ஒருத்தி தனியாகச் சிரித்தால் தெரு காது கொடுத்துக் கேட்கும். நாலு பேர் சேர்ந்து சிரித்தால் அது குடும்பம். அப்பாவின் கயிற்றுக்கடைக்கு வருகிற தோணிக்காரர்கள்கூடச் சொல்வார்கள்: "அண்ணாச்சி வீட்டுல எப்பப் பாத்தாலும் ஒரே சிரிப்பாணிதான். குடுத்து வச்ச மனுசன்." அப்பா நங்கூரக் கயிற்றை முழம் போட்டுக்கொண்டே, ஏதோ பேச்சுல சிரிக்கிறதுதான் என்பார். தாரும் தேங்காய்நாரும் மணக்கும் அந்தக் கடையில் அப்பா சிரித்து நான் பார்த்ததே இல்லை. வீட்டிலேயே தீர்ந்துபோய்விடும் போலிருக்கிறது.

சிரிப்பு முடிந்த பிறகு வருவதுதான் சிரமம். சில நாள் ஒன்றும் வராது, அத்தை கருகிய தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். சில நாள் அவள் முகம் வெயில் மறைந்த உப்பளம்போல் ஆகிவிடும். சோறு சுடுகிறது என்பாள். மின்விசிறி கத்துகிறது என்பாள். அதன்பின் கையில் அகப்பட்டது பறக்கும். எங்கள் வீட்டில் கண்ணாடிச் சாமான் எதுவும் கிடையாது. எல்லாம் எவர்சில்வர், எல்லாவற்றிலும் நசுங்கல். விருந்தாளி வந்தால் அம்மா நசுங்கல் தன் பக்கம் இருக்கும்படி தம்ளரைத் திருப்பிக் கொடுப்பாள். அத்தை புருஷன், ஏரல் மாமாவின் முன்கையில் அவள் பல் பதிந்த வடு ஒன்று உண்டு, அங்கிருந்து கூட்டிப்போக ஆள் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பெரியவர்கள் பேச்சில் காதில் விழுந்திருக்கிறது. எல்லாம் ஓய்ந்ததும் அத்தை மடங்கி உட்கார்ந்து அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வாள். "அது நான் இல்ல மைனி. வயித்துக்குள்ள ஒரு மீன் துள்ளுது. பொறவு என்னைய ஒதுக்கிவிட்டுட்டு அது பாட்டுக்கு ஆடுது." அழுது, அப்படியே தூங்கிப்போவாள். தூங்கும்போது அவளைப் போல அழகானவள் அந்தத் தெருவிலேயே கிடையாது.

கோயில் கோயிலாகக் கொண்டுபோனார்கள். வேப்பிலை, விபூதி, ஒரு மண்டலம் ஈரச்சேலை. வலிப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வலிப்பு என்றால் விழ வேண்டும், வாயில் நுரை தள்ள வேண்டும், கையில் இரும்புச் சாவி கொடுக்க வேண்டும். சிரிக்கிறவளுக்குச் சாவி எதற்கு?

நான் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அப்பா அவளைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி டாக்டர் காட்டினாராம். மூளையின் அடியில், நடுவாக, அவள் பிறப்பதற்கு முன்பே உண்டாகிவிட்ட சிறு கட்டி. புற்று இல்லை. அது பாட்டுக்கு ஒரு முத்தைப் போல் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் சிரிப்பு என்று நினைத்ததுதான் வலிப்பு. அந்தக் கோபமும் அந்த அழுகையும் அவள் குணம் இல்லை, கொழுப்பும் இல்லை; இந்த இடத்தில் கட்டி இருப்பவர்கள் பலருக்கு வலிப்போடு கூடவே வருவதுதான் என்றாராம். அப்பா ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார், பிள்ளைகளுக்கு வருமா. பொதுவாக வராது என்றிருக்கிறார் டாக்டர். அப்பா வெளியே வந்து, மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மருந்துக் கடைக்குப் போகாமல் வெகுநேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார் என்று கூடப் போயிருந்த அம்மா சொன்னாள்.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. நான் சொல்ல வந்த நாளில் எங்களிடம் இருந்தது அந்தச் சட்டம் ஒன்றுதான்.

அத்தை மகன் அந்தச் சட்டத்தைத் தொட்டிலிலேயே கற்றுக்கொண்டான். பேச்சு வருவதற்கு முன்பே அவனுக்கு அது வந்துவிட்டது. அடுப்படியில் அத்தையின் மணி ஒலித்ததும், நாங்கள் தொடங்கியதும், தொட்டில் சேலைக்குள்ளிருந்து கிளுகிளு என்று ஒரு சத்தம் வரும். நடக்கத் தொடங்கியபின் கைதட்டிக்கொண்டு ஓடிவந்து அத்தையின் முதுகில் தொற்றிக்கொண்டு சிரிப்பான். அவனுக்கு அது விளையாட்டு. எனக்கும்தான்.

ஒரு நாள் அத்தை எறிந்த செம்பு அவன் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. மேல்தோல் கொஞ்சம் கிழிந்து ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். யார் சொன்னார்களோ, ஏரலுக்குச் சேதி போய்விட்டது. மாமா வந்தார். வாசலிலேயே நின்றார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அத்தை ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் சட்டைகளை மடித்து வைத்து, பிள்ளையை அவளே தூக்கிக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் கை அவ்வளவு நிதானமாக இருந்தது. அதன்பின் அவள் சமைக்கிற எதிலும் உப்பு சரியாக இருந்ததில்லை. உப்பு விளைகிற ஊரில் இருந்துகொண்டு உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டோம்.

பிள்ளையைப் பார்க்க விடவில்லை. அம்மா இரண்டு முறை போய் வாசலோடு திரும்பினாள். அந்த வீட்டில் அத்தைக்குப் பெயர் கோட்டிக்காரி. எங்கள் பக்கத்தில் பைத்தியத்துக்கு அதுதான் சொல்.

அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது. அப்போது மாமாவின் அப்பா இறந்துபோனார். காலையில் ஏரலில் இருந்து ஆள் வந்து, அத்தையை அனுப்பச் சொன்னார். பாசம் எல்லாம் இல்லை. நீர்மாலைக்கு ஆற்றுத் தண்ணீர் எடுத்துவர மூத்த மருமகள் குடம் தூக்க வேண்டும். மூத்த மருமகள் எங்கே என்று ஊர் கேட்கும். அத்தை சேலையை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினாள். பிள்ளையைப் பார்க்கலாம். ஒழுங்காக இருந்து காட்டினால் ஒருவேளை வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை என்று அவர்கள் மனசு இளகலாம். அவளுக்கு அன்று வேண்டியிருந்தது அது ஒன்றுதான்: சிரிக்காமல் ஒரு பகல்.

அந்த பஸ் பயணம் எனக்கு இன்னும் கனவில் வரும். இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. ஓலை மூடிய உப்புக் குவியல்கள் கானலில் மிதந்து எங்களோடு கூடவே வந்தன, பிறகு சலித்துப்போய் நின்றுவிட்டன. வெள்ளை முடிந்த இடத்தில் ஆறு வந்தது, வாழை வந்தது, காற்றே பச்சையாக மாறியது. எனக்கு அது துட்டி கேட்கப் போகிற பயணம் என்பதே மறந்துவிட்டது. முன் சீட்டில் அம்மா, அத்தையின் காதோடு பேசிக்கொண்டே வந்தாள்.

"வரப்போவுதுன்னு தெரிஞ்சா என் தோளுல மூஞ்சிய அமுக்கிரு, என்ன. முதுகப் பாத்தா அழுகையும் சிரிப்பாணியும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். நான் சத்தமா எடுத்துப் பாடி அழுதுருவேன்."

"அதுக்கும் மேல கேட்டா மைனி?"

"ஏரல்ல என்னைய மிஞ்சி அழ ஆளு உண்டுமாளா?"

அத்தை மெல்லச் சிரித்தாள். அது அவளுடைய சொந்தச் சிரிப்பு. அதற்கு யாரும் கூடச் சிரிக்க வேண்டியதில்லை.

நல்ல யோசனைதான். எங்கள் பக்கத்தில் துட்டி வீட்டுக்குள் நுழைகிற பெண்கள், உட்கார்ந்திருக்கிற பெண்களைத் தோளோடு கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து வட்டமாக அழுவார்கள். வெளியே இருந்து பார்த்தால் முதுகுகளும் கொண்டைகளும்தான் தெரியும். அதற்குள் யார் என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அம்மா எல்லாவற்றையும் யோசித்திருந்தாள். என்னிடம் சொல்வதற்கு மட்டும் மறந்துவிட்டாள். வீட்டுச் சட்டம் ஏரலில் செல்லாது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பந்தல், கொட்டு, ஊதுபத்தி, சாமந்தி. ஆண்கள் வெளியே பெஞ்சில். அப்பா அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே நடுவீட்டில் பெரியவர் சாய்த்து உட்கார வைக்கப்பட்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பவர்போல் இருந்தார். அத்தை ஓடிப்போய் அவர் காலடியில் விழுந்து அழுதாள். பொய்யாக இல்லை. அந்த வீட்டில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். அவள் மாமியார்கூடத் தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டாள்.

பிள்ளை, மாமாவின் தங்கச்சி மடியில் இருந்தான். வளர்ந்திருந்தான். அத்தை இரண்டு கையையும் நீட்டினாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பி, அந்தப் பெண்ணின் கழுத்தில் புதைத்துக்கொண்டான். "ஆளு மறந்துட்டு அவனுக்கு," என்றாள் அவள், கொஞ்சம் பெருமையாகவே. அத்தையின் கைகள் நீட்டிய இடத்திலேயே சற்று நேரம் இருந்தன. அம்மா அந்தக் கைகளை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு வட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டாள்.

வட்டத்துக்குள் போனபிறகுதான் அது வந்தது. நான் சுவரோரம் இருந்தேன். அம்மாவின் கை அத்தையின் பின்தலையை அழுத்துவதைப் பார்த்தேன். அம்மாவின் குரல் திடீரென்று கூரைக்கு ஏறியது. மற்ற பெண்களும் சளைக்காமல் ஏறினார்கள். அத்தையின் முதுகு குலுங்கியது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "பாவம், மாமனாருன்னா உசுருல்லா அவளுக்கு," என்று பின்னால் யாரோ சொன்னதுகூடக் காதில் விழுந்தது. அத்தனை ஒப்பாரிக்கு அடியில், ஆற்றுக்கு அடியில் கூழாங்கல் உருள்வதுபோல, அந்த மணிச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றிருக்கும்.

நான் சிரித்தேன்.

வீட்டில் சிரிப்பதுபோலவே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முறையாக. ஒப்பாரி அறுந்தது. கொட்டுக்காரர்கூட நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் அத்தையின் மணி தனியாக, தெளிவாக, எல்லோருக்கும் கேட்டது. அதற்கு மேல் இன்னொரு சத்தம். கிளுகிளு என்று, கைதட்டலோடு. அந்தப் பெண்ணின் மடியிலிருந்து அவன் நழுவி இறங்கினான். குனிந்திருந்த முதுகுகளில் எது தன் அம்மாவின் முதுகு என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டு சிரித்தான். முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியாதவனுக்கு அந்தச் சிரிப்பு தெரிந்திருந்தது.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாங்கள் மூன்று பேரும் வீட்டில் இருப்பதுபோலவே இருந்தது.

அம்மாவின் அறை என் கன்னத்தில் விழுந்தபோதுதான் மற்றவர்களைப் பார்த்தேன். எல்லோரும் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தையின் மாமியார் புருஷன் செத்த அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

"பாத்தியளா எல்லாரும். அவ சிரிக்கா, அவ அண்ணன் மவ சிரிக்கா, இவனும் சிரிக்கான். ரத்தத்துல இருக்கு. அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டா?"

"ஆமாம்மா," என்றாள் பிள்ளையை வைத்திருந்தவள். இப்போது மடியைத் தட்டி உதறிக்கொண்டாள். "ரெண்டு நாளைக்கு முந்தித் தூக்கத்துலயும் சிரிச்சான். நான்தான் ஒங்ககிட்டச் சொல்லல."

"சின்னப் பிள்ளன்னா தூக்கத்துல சிரிக்கத்தானளா செய்யும்," என்று ஒரு கிழவி சொல்லிப் பார்த்தாள். அதை யாரும் சட்டை செய்யவில்லை.

மாமா வாசல் நடையில் வந்து நின்றார். பிள்ளையைப் பார்த்தார், தன் முன்கையைத் தடவிக்கொண்டார். அத்தையின் மாமியார் அவர் பக்கம் திரும்பினாள். "ஏலே, காரியம் முடிஞ்சதும் இவனையும் இவளோடயே அனுப்பிவிட்டுரு. அவளப் போல இன்னொண்ண வச்சு மாரடிக்க எனக்குத் தெம்பு கெடையாது."

அம்மா பதறிப்போய் வாயைத் திறந்தாள். "அய்யோ, அப்படி இல்லம்மா. அவனுக்கு ஒண்ணும் கெடையாது. எங்க வீட்டுல ஒரு பழக்கம்…"

அத்தையின் கை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தது. சிரிப்பு அதற்குள் அவளை விட்டுப் போயிருந்தது. முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வேர்வை. ஆனால் பிடி அவளுடையது. கண்ணாடி வளையல் ஒன்று அம்மாவின் கையிலேயே உடைந்தது. அம்மா அத்தையைப் பார்த்தாள். அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

அத்தை எழுந்தாள். குடத்தை எடுத்து ஆற்றுக்குப் போய், தலை குனிந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் தண்ணீர் எடுத்து வந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் பையன் அத்தையின் மடியில் உட்கார்ந்து, ஒரு மஞ்சள் பையில் திணிக்கப்பட்ட தன் சட்டைகளைக் காலால் உதைத்துக்கொண்டு வந்தான். நான் கன்னம் வலித்தாலும் சண்டையில் ஜெயித்தவளைப் போல் இருந்தேன். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தும் பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள் பாருங்கள். வாழைத் தோட்டங்களுக்கு மேல் சாயங்கால வெயில் எண்ணெய்போல் வழிந்தது. அம்மா அத்தையின் பக்கம் திரும்பினாள்.

"என்னைய ஒரு வார்த்தை சொல்ல விட்டிருந்தா என்னளா? ஊருக்கு முன்னால பிள்ளைக்குக் கோட்டின்னு பேரு வாங்கியாச்சு."

"சொன்னா தருவாகளா மைனி?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே, "நாளைக்கு அவனுக்குப் பொண்ணு கேட்டுப் போற காலத்துல…" என்று ஆரம்பித்தார்.

"அது நாளைக்குத்தான அண்ணேன்," என்றாள் அத்தை. பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தாள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவன் கலகலவென்று சிரித்தான். அத்தை அவன் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"எதுக்குலே சிரிச்ச?"

"பஸ்சு குதிச்சுச்சு."

அத்தை கண்ணை மூடித் திறந்தாள். "ம்," என்றாள்.

அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. அவன் எங்கே சிரித்தாலும், அடுப்படியில் இருந்து, கிணற்றடியில் இருந்து, பாதித் தூக்கத்திலிருந்துகூட அவள் குரல் வரும். எதுக்குலே சிரிச்ச? அவனும் சொல்வான். காக்கா வழுக்கி விழுந்துச்சு. மாமா பேப்பருக்குள்ள தும்முனாரு. மீன்காரம்மா கொரலு மாதிரி அக்கா பேசுனா. காரணம் கேட்டதும் அத்தை திரும்ப வேலையைப் பார்ப்பாள். அது அவர்கள் இருவருக்கும் இடையில் உள்ள ஏதோ விளையாட்டு, அம்மாக்கள் பிள்ளைகளைக் கொஞ்சுகிற விதங்களில் ஒன்று என்று நான் நினைத்திருந்தேன். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் மத்தியானம். கடல்காற்று இறங்காமல் தெருவே வெந்துகொண்டிருந்தது. அவன் முற்றத்துச் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தான். கையில் ஒன்றும் இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. சிரித்தான்.

"எதுக்குலே சிரிச்ச?"

"சும்மா."

அரிசி களைந்துகொண்டிருந்த அத்தையின் கை நின்றது. "சும்மான்னா?"

"சும்மாதாம்மா."

அவள் எழுந்து வந்து அவன் முன்னால் மண்டியிட்டாள். ஈரக் கையால் முகத்தைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தாள். வயிற்றுக்குள் ஏதாவது செய்கிறதா என்று கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். மறுபடி கேட்டாள். அவனுக்குப் பயம் வந்து உதடு பிதுங்கியது. அத்தை அவனை விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். களைந்த அரிசி அப்படியே கிடந்தது. அன்று முழுக்க அவள் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு வழக்கமான கோபமும் வரவில்லை, எதையும் எறியவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அத்தை சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

ஒரு சின்னப் பிள்ளை ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்பதற்கு இவ்வளவா என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்களுக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அதில் என்ன சிரமம், கொடுத்துவிட்டால் போகிறது. நான் அவனைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். சும்மா என்று மட்டும் சொல்லக் கூடாது. சிரித்துவிட்டாயா, உடனே சுற்றிலும் பார். பூனையோ, பல்லியோ, துணி காய்கிற கொடியோ, எது கண்ணில் பட்டாலும் அதைச் சொல்லிவிடு. ஒன்றுமே இல்லையென்றால் அக்கா முகத்தைக் கோணினாள் என்று சொல், நானும் ஆமாம் என்பேன்.

கெட்டிக்காரப் பயல், சீக்கிரம் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் காரணம் இல்லாமல் சிரித்ததில்லை. அத்தைக்கு நான் எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறேன் என்று, அவளிடம் சொல்லாமலே, ரொம்ப நாள் மனதுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.